மூடியில் எண் எழுதியவனின் நன்றி

பல்கலைக்கழகத் திசு ஆய்வகத்தின் பொறுப்பாளர், மதிப்பிற்குரிய திருமதி வெர்னா டூசெக் அவர்களுக்கு,

மாரிட்டின் தகப்பன் ஆரின் ஸ்கார் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி லவோனும் எங்கள் பழைய டிரக்கும் அவரவர் வயதுக்கு எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலமாக இருக்கிறோம். அங்கே தாங்களும், திசு பதித்த மெழுகுக் கட்டிகளைச் சீவிச் சீவித் தேய்ந்துபோன தங்கள் வலது தோள்பட்டையும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். தோள்பட்டைக்கென்று தனியாக வேண்டிக்கொள்வது எங்கள் சபையில் வழக்கமில்லை. பாதிரியார் கண்ணைத் திறந்து பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

நேற்று ஸ்லைடுகள் வந்து சேர்ந்தன. நாற்பத்தைந்து கண்ணாடித் துண்டுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் தங்கள் கையெழுத்தில் பென்சில் எண், நடுவில் ரோஜா நிறத்திலும் ஊதாவிலும் மீன் ஈரலின் ஒரு மெல்லிய சீவல். அதில் என்ன தெரிகிறது என்று என்னைக் கேட்டால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றைத் தூக்கிப் பிடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவன் நான், லேசில் அழுகிறவன் இல்லை. லவோன் எட்டிப் பார்த்து, "என்ன ஆரின், வெங்காயம் கூட இல்லாம அழற?" என்றாள். உட்கார்ந்து தங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

நன்றி என்று ஒரு அட்டை வாங்கி அனுப்பியிருக்கலாம். லவோனும் அதைத்தான் சொன்னாள். ஆனால் தங்களுக்குத் தெரிந்தது என் பிழையின் பின்பாதிதான். முன்பாதியையும் சொல்லி முடித்தால்தான் தாங்கள் எவ்வளவு பெரிய காரியம் செய்தீர்கள் என்பது தங்களுக்கே புரியும். அதோடு கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது, அதனால் தயவுசெய்து கடைசி வரை படிக்கவும்.

மாரிட் மூன்று வருடமாக இந்த மீன்களின் பின்னால் அலைகிறாள். ஹெல்கா ஏரியில் பழைய சுரங்கத்துத் தண்ணீர் கசிந்து கலக்கிறது, மூன்றாம் ஏரி என்று பெயர் கொண்ட இன்னொரு ஏரியில் கலப்பதில்லை. இரண்டிலும் உள்ள வாலாய் என்கிற ஏரி மீன்களின் ஈரல் ஒன்றுபோல் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அவளுடைய முனைவர் பட்டத்துக்கான முழு ஆராய்ச்சியும். ஏப்ரலில் பனிக்கட்டி உருகி மீன்கள் கரையோரம் வரும் அந்த ஒரு வாரத்தில்தான் வலை போட முடியும். அவளுக்குக் கிடைக்கும் உதவித்தொகை செப்டம்பரோடு முடிகிறது. ஆகவே இந்த ஏப்ரலில் பிடித்த இருபத்து நான்கும் இருபத்து நான்கும், ஆக நாற்பத்தெட்டு மீன், இவைதான் கடைசி. இதற்கு மேல் மீனும் இல்லை, வருடமும் இல்லை. நான் மூன்று வருடமாக அவளுக்கு வலை இழுக்கிறேன் என்பதால் பல்கலைக்கழகம் எனக்குத் தொண்டர் அட்டை ஒன்று கொடுத்திருக்கிறது. அதற்காகப் பாதுகாப்புத் தேர்வு ஒன்று எழுதினேன், இரண்டாவது தடவையில் தேறினேன். இதைத் தங்களிடம் இதுவரை சொல்லவில்லை.

மீன்களை வெட்டிய அன்றைக்கு மாரிட் ஏழு மாதக் கர்ப்பத்தோடு மேசை முன் நின்று ஒவ்வொரு ஈரலாக அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, பிறகு காசு கனத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஃபார்மலின் நிறைந்த ஜாடியில் போட்டுக்கொண்டே வந்தாள். "நீ ஜாடியில எண் மட்டும் போடுப்பா," என்றாள். நானும் போட்டேன். நாற்பது வருடமாக ஒவ்வொரு குளிர்காலமும் உறைந்த ஏரியின் ஐஸில் துளை போட்டு நார்தர்ன் என்கிற பெரிய மீனைப் பிடித்து, வினிகரில் ஊறப்போட்டு, ஜாடி ஜாடியாக ஊர் முழுக்கக் கொடுக்கிறவன் நான். கவுண்டிச் சந்தையில் நான்கு தடவை முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கியிருக்கிறேன். எங்கள் ஊரில் ஜாடிக்கு எங்கே எழுதுவோம்? மூடியில் எழுதுவோம். மூடி ஒரு வருடத்தில் போய்விடும், ஜாடி தலைமுறைக்கு இருக்கும், அதன்மேல் யாராவது மையைப் பூசுவார்களா? ஆகவே தடித்த பேனாவால், அழியாத மையால், ஒவ்வொரு மூடியிலும் வட்டத்தின் நடுவில் அழகாக எண் எழுதினேன். என் கையெழுத்தைப் பார்த்து நானே கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நாற்பத்திரண்டாவது மீன் முடிந்தபோது மாரிட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குதுப்பா. மிச்சம் ஆறையும் படம் எடுத்து வெச்சுட்டேன், நீயே வெட்டிடறியா? காசு கனம், அதுக்கு மேல வேண்டாம்," என்றாள். வெட்டினேன். நான் மீன் வெட்டினால் ஊறுகாய்க்கு வெட்டுகிற கனத்தில்தான் கை போகும். இரண்டு விரல் கனம். அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்ததால் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே ரத்த அழுத்தம் ஏறி அவளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். குழந்தையை முப்பத்தேழாவது வாரம் வரை உள்ளேயே பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அதுவரை அவள் படுக்கையை விட்டு எழக் கூடாது, எதற்கும் பதறக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். "எதுக்கும் பதறக் கூடாது" என்று சொன்னபோது ஏனோ என்னைத்தான் பார்த்தார்.

அவளுடைய பேராசிரியர் இந்த வருடம் நார்வேயில் இருக்கிறார். மருமகன் ஜோயல் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறான், மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் வருவான். ஆகவே மாரிட் ஒரு காகிதத்தில் ஐந்து வரி எழுதி என் கையில் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து ஃபார்மலினைக் கொட்டி ஆல்கஹால் ஊற்ற வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், தங்களிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். மூடியில் எழுதாதே என்று அதில் இல்லை. எழுதுவான் ஒருவன் என்று அவர்கள் படிப்பில் யாருக்கும் தோன்றியிருக்காது.

முதலில் படிவத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைத் தாங்கள் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நான் பார்த்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் சிரமம் கொடுத்துப் பழக்கமில்லை. பிறர் வீட்டுக்குப் போனால் தண்ணீர்கூடக் கேட்கமாட்டோம். தங்கள் படிவமோ, திசுவை மெழுகில் எந்தப் பக்கம் கீழே இருக்குமாறு வைக்க வேண்டும் என்று கேட்கிறது. "தங்களுக்கு எது வசதியோ அப்படி" என்று எழுதினேன். எத்தனை மைக்ரான் கனத்தில் சீவ வேண்டும் என்று கேட்கிறது. "கத்திக்குச் சிரமமில்லாத அளவில்" என்று எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஸ்லைடு என்ற இடத்தில் "மிச்சம் இருந்தால் ஒன்று" என்றும், எப்போது வேண்டும் என்ற இடத்தில் "அவசரமில்லை, மற்றவர்களுடையது எல்லாம் முடிந்த பிறகு" என்றும் எழுதினேன். அது மரியாதை என்று நினைத்தேன். அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு மனிதர்கள் யாரும் வேலை செய்ய முடியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆல்கஹால் மாற்றிய கதைதான் முக்கியம். புகை உறிஞ்சும் பெட்டிக்குள், கையுறை போட்டு, கண்ணாடி போட்டு, பழைய ஃபார்மலினை அதற்கென்று இருக்கிற டப்பாவில்தான் கொட்டினேன், சாக்கடையில் ஒரு சொட்டு விடவில்லை. தேர்வில் அந்தக் கேள்விக்கு இரண்டு தடவையும் சரியாகத்தான் எழுதியிருந்தேன். கொட்டுவதற்கு முன்னும் பின்னும் ஜாடிகளை எண்ணினேன். பஸ்ஸில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் ஏறினால் நாற்பத்தெட்டும் இறங்க வேண்டும் என்று எண்ணியே பழகியவன். எண்ணிக்கை சரியாக இருந்தது. நிம்மதியாக மூடிகளைப் போட்டு, ஜாடிகளை டிரக்கின் முன் இருக்கையில் வைத்து, இருக்கைப் பட்டையை மாட்டி, நெடுஞ்சாலையில் முப்பது மைல் வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தேன். பின்னால் ஒரு டிராக்டர் ஹார்ன் அடித்தது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தங்கள் வாசலில் வந்து நின்றேன். வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு மேல் எதுவும் வாங்குவதில்லை என்று கதவில் எழுதியிருந்தது. திரும்பிப் போகலாம் என்றுதான் இருந்தேன். தாங்கள்தான் கதவைத் திறந்து, "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, உள்ள வாங்க," என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்கே முதல் நன்றி.

அதன் பிறகு நடந்தது தங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் என் பக்கம் நின்று பார்த்தால் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். தாங்கள் ஒரு ஜாடியைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பினீர்கள்.

"இது எத்தனாவது மீன், மிஸ்டர் ஸ்கார்?"

"பதினாறுங்க."

"எங்க எழுதியிருக்கு?"

"மூடியில."

தாங்கள் மூடியைப் பார்த்தீர்கள். பிறகு வரிசையாக மற்ற மூடிகளைப் பார்த்தீர்கள்.

"ஆல்கஹால் மாத்தறப்போ மூடியைத் திறந்தீங்க, இல்லையா?"

"திறக்காம எப்படிங்க மாத்தறது?"

"ஒரு ஜாடியைத் திறந்து, மாத்தி, மூடிட்டு, அப்பறம் அடுத்த ஜாடிக்குப் போனீங்களா?"

"இல்லீங்க. எல்லாத்தையும் ஒண்ணாத் திறந்து, மூடியெல்லாம் சோப்புத் தண்ணியில போட்டேன். சுத்தமா இருக்கணும் பாருங்க."

"அப்பறம்?"

"துடைச்சேன்."

"அப்பறம்?"

"மூடினேன்."

"எந்த மூடி எந்த ஜாடியோடதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"எல்லாமே சரியாப் பொருந்துச்சுங்க," என்றேன்.

என் வாயால் அதைச் சொல்லி, என் காதால் அதைக் கேட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது. ஊறுகாய் ஜாடியில் எந்த மூடி எதற்குப் போனால் என்ன, எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மீன். இங்கே அப்படியில்லை. நாற்பத்தெட்டு ஜாடிகள், அதில் எது ஹெல்கா ஏரி, எது மூன்றாம் ஏரி என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதாது, எந்தப் பிள்ளை எந்த வாசலில் இறங்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூடத் தப்பான வீட்டில் இறக்கிவிட்டதில்லை. என் சொந்தப் பிள்ளையின் மூன்று வருடத்தைச் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கலக்கிவிட்டேன்.

தாங்கள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க. காபி குடிக்கறீங்களா?" என்று கேட்டீர்கள். நான் முதல் தடவையிலேயே "சரி" என்றேன். இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லாமல் இந்த மாநிலத்தில் காபி வாங்கிக் குடித்த முதல் ஸ்கார் நான்தான். அதிலிருந்தே என் நிலைமை தங்களுக்குப் புரிந்திருக்கும்.

"எம் பொண்ணுக்கு மட்டும் சொல்லிடாதீங்க," என்றேன். "பதறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அவளுக்கும் குழந்தைக்கும் ஏதாவது ஆச்சுன்னா நான் உயிரோட இருக்கறதுல அர்த்தமே இல்ல."

தாங்கள் "அதை நான் பாத்துக்கறேன். நீங்க திங்கக்கிழமை காலைல ஒம்போது மணிக்கு வாங்க," என்றீர்கள்.

அந்த சனியும் ஞாயிறும் எனக்குச் சோறு இறங்கவில்லை. லவோன் அடுப்பில் சுடும் உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் செய்து வைத்தாள், அதைக்கூடத் தொடவில்லை. திங்கட்கிழமை வந்து பார்த்தால், மாரிட் வெட்டுவதற்கு முன் எடுத்த நாற்பத்தெட்டுப் படங்களையும் பெரிதாக அச்சடித்துச் சுவர் நிறைய ஒட்டி வைத்திருந்தீர்கள். ஒவ்வொரு படத்திலும் முழு ஈரல், பக்கத்தில் அளவுகோல், மீனின் எண். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல இருந்துச்சு," என்றீர்கள். கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஈரலும் முகம் மாதிரிதான்," என்று தாங்கள் சொன்னீர்கள். "எங்க மடிஞ்சிருக்கு, எங்க ரத்தக்குழாய் ஓட்டை இருக்கு, ஓரத்துல எங்க வெட்டுப்பட்டிருக்கு, எல்லாம் படத்துல இருக்கு. ஜாடியில இருக்கற துண்டு எந்தப் படத்துல பொருந்துதுன்னு பாருங்க. நான் தனியாப் பாப்பேன், நீங்க தனியாப் பாருங்க. என் காகிதத்தை நீங்க பாக்கக் கூடாது, உங்களுதை நான் பாக்க மாட்டேன். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் கணக்கு."

"நான் சொல்றதுக்கு என்னங்க மதிப்பு? நான் பஸ் டிரைவர்."

"எத்தனை மீன் கழுவியிருப்பீங்க?"

"எண்ணினதில்லைங்க."

"அப்ப உக்காருங்க."

இப்படி ஒரு பேச்சை என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் பேசியதில்லை. பதினொரு நாள் உட்கார்ந்தேன். காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை, லென்ஸுக்குக் கீழே ஒரு சின்னத் துண்டு, சுவரில் நாற்பத்தெட்டு முகம். முதல் நாள் எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. மூன்றாம் நாள் பதினாறாம் எண்ணை அதன் ஓரத்திலிருந்த பழைய தழும்பால் கண்டுபிடித்தேன், சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன், தாங்கள் "வாயை மூடுங்க, எனக்குத் தெரியக் கூடாது" என்று அதட்டினீர்கள். சாயங்காலம் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒத்துப்போகாததை மறுநாள் மறுபடி முதலிலிருந்து பார்ப்போம். பதினொன்றாம் நாள் நாற்பத்தெட்டும் ஒத்துப்போயின. நான் வெட்டிய ஆறு தடியன்களை அடையாளம் காண்பதில் மட்டும் நமக்குள் ஒரு நாளும் கருத்து வேறுபாடு வரவில்லை. அவற்றைக் குறுக்கே வெட்டியபோது உள்ளே ஃபார்மலின் போய்ச் சேராமல் நடுவில் கூழாகக் கிடந்தது. "யார் வெட்டினது இது, ஊறுகாய் ஜாடிக்கா?" என்று கேட்டீர்கள். "ஆமாங்க," என்றேன். வேறு என்ன சொல்வது. ஓரத்தைச் சீவி மூன்றைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள், மூன்று போய்விட்டன. நாற்பத்தைந்து போதும், மாரிட்டின் கணக்குத் தாங்கும் என்றும் தாங்களே சொன்னீர்கள்.

அதோடு என்னை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. மெழுகுக் கட்டியை எந்திரத்தில் பொருத்தி, சக்கரத்தைச் சுழற்றி, சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக வருவதைக் காட்டினீர்கள். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டதும் சுருக்கமெல்லாம் போய் விரிந்ததே, அப்போது நான் மூச்சுவிடவே பயந்தேன். பிறகு பழைய மெழுகுக் கட்டிகள் இருபது வருடத்துக்கானவை அலமாரியில் வரிசை மாறிக் கிடக்கின்றன, எண் வாரியாக அடுக்கித் தர முடியுமா என்று கேட்டீர்கள். இரண்டு வாரம் அடுக்கினேன். ஏற்கனவே பெரும்பாலும் வரிசையாகத்தான் இருந்தன என்பதை மரியாதை கருதி நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய தவறு செய்தவனை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்தீர்களே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இதற்கிடையில் நான் பட்ட பாடு வேறு. முதலில் நான் தினமும் காலையிலிருந்து ராத்திரி வரை மாரிட்டின் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எப்படி இருக்கிறது என்று கேட்பேன், ரத்த அழுத்த எந்திரத்தில் வரும் எண்ணை வாய்விட்டு வாசித்துக் காட்டுவேன். தங்களிடம் வர ஆரம்பித்த பிறகு சாயங்காலம் அரை மணி நேரம்தான் போக முடிந்தது. பகலெல்லாம் எங்கே போகிறாய் என்று கேட்டாள். டிரக் ரிப்பேர் என்று பொய் சொன்னேன். நான் பொய் சொல்லத் தெரியாதவன், ஆனால் இதில் நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"இன்னிக்கு என்னப்பா பாத்த?" என்பாள்.

"கார்புரேட்டர்."

"அப்ப கியர்பாக்ஸையும் இறக்கிப் பாத்துடேன். அதுக்கு ஒரு வாரம் ஆகும் இல்ல?"

"ஆகும் கண்ணு."

"அவசரப்படாதப்பா. நிதானமாப் பண்ணு."

படுக்கையில் கிடந்துகொண்டு என் டிரக்கைப் பற்றிக் கவலைப்படுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எப்படி அழாமல் இருப்பேன், சொல்லுங்கள்.

இப்போது வேண்டுகோள். குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் வீடு வந்து சேரும் வரை இந்த மூடி விஷயம் மாரிட்டின் காதுக்குப் போகக் கூடாது. இத்தனை நாள் தாங்களும் நானும் காத்த ரகசியத்தை இன்னும் கொஞ்ச நாள் காத்தருள வேண்டும். அதன் பிறகு நானே அவள் முன் நின்று ஒப்புக்கொள்வேன். மூன்று மீன் போனதற்கும் சேர்த்து அவள் என்ன தண்டனை கொடுத்தாலும் சரி.

இத்துடன் லவோன், தான் சுட்ட எலுமிச்சை பார் கேக்குகள் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறாள். ஆய்வகத்துக்குள் தின்பண்டம் வரக் கூடாது என்று தாங்கள் ஏற்கனவே என்னை வாசலிலேயே நிறுத்தியிருப்பதால், இதைத் தங்கள் வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறோம். தங்கள் கத்தி என்றும் கூராக இருக்கட்டும், தங்கள் மெழுகு ஒருநாளும் விரிசல் விடாமல் இருக்கட்டும், தங்கள் வாசலுக்கு என்னைப் போல் இன்னொருவன் வராமல் இருக்கட்டும். வந்தாலும், எனக்குப் போட்டது போல் அவனுக்கும் ஒரு நாற்காலி போடும் மனம் தங்களுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

என்றும் கடமைப்பட்டுள்ள,
ஆரின் ஸ்கார்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி நேற்று லவோனிடம் கொடுத்தேன். அவள் தபால் நிலையத்துக்குப் போகவில்லை. நேராக மருத்துவமனைக்குப் போய் மாரிட்டிடம் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் நான் போனபோது மாரிட் அதைப் படித்து முடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். முதலில் எந்திரத்தைத்தான் பார்த்தேன். அளவு ஏறவில்லை. மேலே எழுதியதில் எதையெல்லாம் அடிக்க வேண்டும் என்று பார்த்தால் எல்லாவற்றையும் அடிக்க வேண்டியிருக்கிறது, லவோன் ஒரு வரியையும் அடிக்க விடவில்லை. ஆகவே நடந்ததை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"உக்காருப்பா," என்றாள் மாரிட். "வெர்னா வெள்ளிக்கிழமை சாயங்காலமே எனக்குப் போன் பண்ணிட்டாங்க. சாம்பிள் யாரோடதோ அவங்களுக்குச் சொல்லாம அங்க எதையும் தொட மாட்டாங்க."

"அன்னிக்கேவா?"

"நீ பார்க்கிங்ல இருந்து டிரக்கை எடுக்கறதுக்கு முன்னாடியே. அந்தப் படமெல்லாம் பின்ன யாரு அனுப்பினது?"

"நீ பதறலயா?"

"பதினஞ்சு நிமிஷம் அழுதேன். அப்பறம் படம் இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு, சரியாப் போச்சு. வெர்னா தனியாவே நாலு நாள்ல முடிச்சிருப்பாங்க. நான்தான் கேட்டேன், அப்பாவைக் கொஞ்ச நாள் அங்க வெச்சுக்க முடியுமான்னு."

"என்னை எதுக்கு அங்க வெச்சுக்கணும்?"

பக்கத்தில் நின்ற லவோன் நர்ஸ் ரத்த அழுத்தம் எழுதும் தாளை எடுத்து என் மடியில் வைத்தாள். "நீயே பாரு ஆரின். எண்ணிப் பழகினவன்தானே நீ." பார்த்தேன். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் நூற்று ஐம்பத்தெட்டு, நூற்று அறுபத்திரண்டு, நூற்று அறுபது. நான் தங்களிடம் வந்த திங்கட்கிழமை நூற்று நாற்பது. அதற்கு மறுநாள் நூற்று முப்பத்தாறு. அதிலிருந்து ஒரு நாளும் ஏறவில்லை, சாயங்காலம் ஆறு முதல் ஆறரை வரை தவிர. மருந்தும் அந்த வாரம்தான் மாற்றினார்கள் என்று மாரிட் எனக்காகச் சொல்லிப் பார்த்தாள். அங்கே நின்ற நர்ஸ் அதை ஆமோதிக்கவில்லை.

"ஆனா ஒண்ணுப்பா," என்றாள் மாரிட், என் கையைப் பிடித்துக்கொண்டு. "ரெண்டாவது ஆள் பாத்து ஒத்துப்போகலைன்னா அந்த நாப்பத்தஞ்சையும் நான் எங்கயும் எழுதியிருக்க முடியாது. உன் பேரை ஆராய்ச்சியில போடப் போறேன்."

மேலே தங்களுக்குச் சொன்ன நன்றி ஒன்றும் வீண் இல்லை, அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். மீனைக் காப்பாற்றியதற்கு ஒன்று. என்னை வைத்துக்கொண்டு என் பிள்ளையையும் அவள் பிள்ளையையும் காப்பாற்றியதற்கு ஒன்று. யாருக்கும் சிரமம் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை என்பது தங்களுக்குத் தெரியும், ஆனாலும் இந்த ஒரு தடவை வாய்விட்டுக் கேட்கிறேன். பிரசவத்துக்கு மருத்துவர் குறித்த நாளுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அதுவரை அங்கே எனக்கு ஏதாவது வேலை இருக்குமா?